வேலாயுதம் வாய் திறக்காத மாதம்

வேலாயுதத்துக்கு ஞானம் ஒன்றும் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மூன்று பையன்களும் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு குருவிடம் போய் அதை அப்படியே கேட்க முடியாதில்லையா? அதனால், "மன அமைதிக்கு ஒரு மந்திரம் குடுங்கம்மா" என்று கேட்டான்.

மலையடிவாரத்து ஓட்டு வீட்டில் இருந்த சாமியம்மாவுக்கு ஏறக்குறைய அவன் வயதுதான். முற்றத்தில் உட்கார்ந்து ஒரு நாயின் காதில் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அமைதிக்கு என்ன வந்துச்சு?" என்றார், நாயைப் பார்த்தபடியே.

"வீட்டுக்காரி தூத்துக்குடிக்குப் போயிட்டா. தங்கச்சிக்குப் பிரசவம். வர ஒரு மாசம் ஆகும். பள்ளிக்கூடமும் லீவு. மூணு பயலுவளும் என் தலையில."

"நீரு என்ன செய்யுதீரு?"

"கத்துதேன்."

"அவனுவ?"

"அவனுவ பாட்டுக்கு இருக்கானுவ. பல்லு விளக்குறதுல ஆரம்பிச்சுப் பாயை விரிக்கிற வரைக்கும் கத்துதேன். தொண்டை கட்டிப்போச்சு. ஒருத்தனும் காதுல போட்டுக்க மாட்டேங்கான்."

ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவது அவன் வேலை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் கிடக்கிற பகல் முழுக்கப் பையன்கள்தான்.

சாமியம்மா ஒரு உண்ணியைப் பிடுங்கித் தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரில் போட்டார்.

"இன்னைக்குப் பௌர்ணமி. அடுத்த பௌர்ணமிக்கு மந்திரம் தாரேன். அது வரைக்கும் பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. கையாட்டக் கூடாது. முறைக்கவும் கூடாது. பேசினா மந்திரம் கிடையாது."

"ஊர்க்காரங்ககிட்ட?"

"அவங்ககிட்டயா கத்துதீரு? அவங்ககிட்டப் பேசிக்கிடும்."

இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தான் வேலாயுதம். வீட்டுக்குப் போனதும் பையன்களை வரிசையாக உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னான். நாளை காலையிலிருந்து அப்பாவுக்கு விரதம்.

"பேசவே மாட்டீயளா?" என்று கேட்டான் மூத்தவன் சொரிமுத்து.

"மாட்டேன்."

"முறைக்கவும் மாட்டீயளா?" இது நடுவுலவன் பாலவேசம்.

"மாட்டேன்."

"அடிக்கவும் மாட்டீயளா?" என்றான் கடைக்குட்டி செந்தூரான்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை வேலாயுதம் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது சொரிமுத்து வந்து எதிரே நின்றான்.

"யப்பா, வாழைத்தண்டுல தெப்பம் கட்டிக் கால்வாயில விடப்போறோம். வேண்டாம்னா சொல்லுங்க."

வேலாயுதம் கஞ்சியை விழுங்கினான்.

"சொல்லலைன்னா சரின்னு அர்த்தம். சொல்லுங்க."

வேலாயுதத்தின் காது சிவந்தது.

"ஒண்ணும் சொல்லல. வாங்கலே!"

மூன்றும் பறந்தன. வேலாயுதம் கஞ்சிச் சட்டியைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். அப்புறம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினான். வேறு என்ன செய்ய?

அன்று தொடங்கியது. தினமும் ஒரு கேள்வி, தினமும் ஒரு ஓட்டம். மாந்தோப்புக்குப் போகட்டா, வேண்டாம்னா சொல்லுங்க. கல்குவாரிக் குட்டையில மீன் பிடிக்கட்டா, வேண்டாம்னா சொல்லுங்க. அம்மாவின் பட்டுச்சேலையை ஆற்று மணலில் கூடாரமாகக் கட்டினார்கள். அதற்கும் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் கட்டினார்கள். அநியாயம் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

முதல் வெள்ளிக்கிழமை சாமியம்மா முற்றத்தில் வந்து விழுந்தான்.

"அம்மா, இது நடக்காது. நான் பேசலைன்னா சம்மதம்னு எடுத்துக்கிடுதானுவ."

"புத்திசாலிப் பிள்ளைங்க."

"சிரிக்காதீங்கம்மா. கால்வாயில தெப்பம் கவுந்து போச்சு."

"நீரு எங்க இருந்தீரு?"

"பின்னாலயே போனேன். நான்தான் தூக்கிவிட்டேன்."

"பின்னால போகக் கூடாதுன்னு சொன்னேனா?"

"இல்ல."

"தூக்கிவிடக் கூடாதுன்னு சொன்னேனா?"

"இல்ல. ஆனா..."

"அப்ப என்ன குறை உமக்கு?"

குறை என்னவா? செருப்பு அறுந்துபோனது குறை. உள்ளங்காலில் உடைமுள் குறை. ஒரு உடும்புக்குட்டி வீட்டுக்குள் வந்து அரிசிப்பானைக்குப் பின்னால் குடியேறியது குறை. டீக்கடையில் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"என்ன வேலாயுதம், பயலுவ உம்மளக் காட்டுல மேய்க்கிறானுவளாமே?"

"சாயங்காலம் பத்திட்டு வந்து தொழுவத்துல கட்டிருதானுவளா?"

தூத்துக்குடியிலிருந்து போன் வந்தால் அது இன்னொரு கூத்து. "யம்மா, நீ மெதுவா வா. அப்பா இப்ப எதுக்குமே வேண்டாம்னு சொல்றதில்ல" என்றான் செந்தூரான். வேலாயுதம் போனைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். நடந்ததை எல்லாம் மனைவியிடம் கொட்டினான். பட்டுச்சேலையை மட்டும் விட்டுவிட்டான்.

அந்தப் பக்கம் அவள் முழுசையும் கேட்டாள். அப்புறம் சிரிப்பு.

"எனக்கு வருஷம் பூரா இதே பாடு. நான் எந்தச் சாமியம்மாட்டப் போனேன்?" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் போனபோது நாய்க்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார் சாமியம்மா.

"அம்மா, மந்திரத்த இப்பவே குடுத்திருங்க. மிச்ச நாளையும் இருந்திருதேன்."

"முடியாது."

"வயித்தெரிச்சலா இருக்கும்மா. பாலவேசம் தண்ணியக் கண்டா பயப்படுதான். இடுப்புக்கு மேல இறங்க மாட்டான். மத்த ரெண்டு பேரும் கேலி பண்ணுதானுவ. ஒரு அதட்டல் போடலாம்னா முடியல."

"அவன் தண்ணிக்குப் பயப்படுவான்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"சரி, போயிட்டு வாரும்."

"இதுக்கு ஒரு பதிலும் சொல்லலையே?"

"நாய் நழுவுது. கொஞ்சம் பிடிச்சுக்கிடும்."

வேலாயுதம் நாயைப் பிடித்துக்கொண்டான். இதுக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தோம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டான். நாய் உடம்பை உதறி அவன் சட்டை முழுக்க எண்ணெய் ஆக்கியது.

ஆனாலும் விரதத்தை விடவில்லை. வீம்புக்காரன். இவ்வளவு முள் குத்தியபிறகு மந்திரத்தை விட்டுக்கொடுப்பானா? வாயைப் பல்லால் பூட்டிக்கொண்டு, துண்டும் தோளுமாகப் பின்னாலேயே அலைந்தான். பையன்கள் பாறையில் ஏறினால் கீழே நின்றான். குட்டையில் இறங்கினால் கரையில் நின்றான். பாலவேசம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பேசாமல் தானும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பக்கத்தில் நின்றான். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு நாளும் நெஞ்சுக்குள் ஆயிரம் வசவு பொங்கியது. அத்தனையையும் விழுங்கினான்.

நிலா தேய்ந்து, வளர்ந்து, பௌர்ணமி வந்தது. சாயங்காலம் மந்திரம். அன்று காலை சொரிமுத்து வந்து நின்றான்.

"யப்பா, கடைசி நாளு. ஓடைக்குப் போறோம். வேண்டாம்னா சொல்லுங்க."

வேலாயுதம் ஏற்கனவே துண்டை எடுத்துத் தோளில் போட்டிருந்தான்.

ஓடையில் கரண்டைக்கால் அளவுதான் தண்ணீர். மூத்த பையன்கள் இருவரும் கரையில் நண்டு வளையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். செந்தூரான் நடு ஓடைப் பாறையில் குந்தி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டையை வலைபோல விரித்து அயிரை மீன் கோலிக்கொண்டிருந்தான். வேலாயுதம் கரை மேட்டில் நின்றான். மலையில் மேகம் கறுத்திருந்தது. இங்கே நல்ல வெயில்.

முதலில் சருகு வந்தது. பின்னால் நுரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் செம்மண் நிறமானது. மேலே வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு இரைச்சல், லாரி வருவதுபோல.

செந்தூரான் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓடிப்போய்த் தூக்க நேரமில்லை. வாயைத் திறந்தால் மந்திரம் போச்சு. இந்த இடத்தில் வேலாயுதம் யோசித்தான். கண் இமைக்கிற நேரம்தான். ஆனால் யோசித்தான்.

"செந்தூரா!"

பையன் திரும்பினான். சட்டை, மீன் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு அப்பாவை நோக்கித் தாவினான். ஏன், எதுக்கு என்று ஒரு கேள்வி இல்லை. வேலாயுதம் மேட்டிலிருந்து குதித்து, தொடையளவு தண்ணீரில் அவன் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். சொரிமுத்தும் பாலவேசமும் அதற்குள் மேட்டில் ஏறியிருந்தார்கள். அவர்களையும் அந்தக் குரல்தான் ஏற்றியது.

திரும்பிப் பார்த்தபோது பாறை இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

வீடு வரும்வரை செந்தூரான் அப்பாவின் கையை விடவில்லை.

சாயங்காலம் வேலாயுதம் தனியாகச் சாமியம்மா வீட்டுக்குப் போனான். உட்காரவில்லை.

"போச்சும்மா. மந்திரம் கிடையாதுன்னு உங்க வாயால சொல்லிருங்க. நான் போறேன்."

"உக்காரும். என்ன நடந்துச்சு?"

சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான்.

"யோசிச்சேம்மா. பிள்ள அங்க நிக்கான், தண்ணி வருது, நான் மந்திரத்தப் பத்தி யோசிக்கேன். நானெல்லாம் ஒரு அப்பனா?"

"பிறகு கூப்பிட்டீருல்லா?"

"கூப்பிட்டேன்."

"என்னன்னு?"

"பேரச் சொல்லித்தான்."

"எத்தனை தடவை?"

"ஒரே தடவை."

"விரதத்துக்கு முந்தி அந்தப் பேரை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னீரு?"

வேலாயுதம் விரல் மடக்கி எண்ணப் பார்த்தான், பாதியில் விட்டுவிட்டான். நாய் வந்து அவன் கால்களை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம், மாதம் முழுக்க அடக்கி வைத்த எரிச்சலோடு கேட்டான்.

"அப்ப எனக்கு மந்திரம் தர மாட்டீங்க, அப்படித்தானே?"

"ஒரு தடவை பேரச் சொன்னா, வெள்ளத்துக்கு நடுவுல நின்னாலும் பிள்ள திரும்பிப் பாக்கணும். அதுக்கு மேல ஒரு மந்திரம் என்கிட்ட இல்ல வே. வீட்டுக்குப் போனதும் அதச் சும்மா சும்மா சொல்லிக் கெடுத்துறாதேயும்."