செவுத்துக்கு வராத மீனு

கேட்டுட்டு, நல்ல கதைன்னு தலையாட்டிட்டுப் போறவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க. இதுல கடைசியில பதில் சொல்லியாகணும்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு ஊரு. அங்க மூடிப்போன அரவை மில்லுல பன்னெண்டு பொம்பளைங்க சேந்து பட்டறை போட்டிருந்தாங்க. பனையோலைக் கொட்டான் முடையற பட்டறை. கல்யாணச் சீர்ல பழமும் பலகாரமும் வச்சுக் கொண்டுபோவாங்களே, அந்தக் கொட்டான். பிளாஸ்டிக் கூடை வந்ததும் ஊரே அதைத் தூக்கிப் போட்டிருந்துச்சு. ஒருத்திக்கு ரெண்டு டிசைன் தெரியும், இன்னொருத்திக்கு மூணு. தனித்தனியா உக்காந்து யாரும் பொழைக்கல. தெரிஞ்சதையெல்லாம் செவுத்துல மாட்டி, ஒருத்தியப் பாத்து ஒருத்தி முடைஞ்சப்பதான் சென்னையில இருந்தெல்லாம் ஆர்டர் வந்துச்சு. அதனால அங்க ஒரே சட்டம்: பட்டறைக்குள்ள, பட்டறை ஓலையில, புதுசா எதை முடைஞ்சாலும் மறுநாள் செவுத்துக்கு வந்துரணும்.

அந்தச் சட்டத்தைப் போட வச்சதே அவங்கள்ல ஒருத்தியான பொன்னழகுதான். ரெண்டு வருசம் முன்னாடி கூட முடையற ரெஜினா ஒரு நட்சத்திர டிசைன் முடைஞ்சு முந்தானைக்குள்ள மறைச்சா. பொன்னழகு விடல. பிடுங்கி, தானே ஆணி அடிச்சு மாட்டுனா. ரெஜினா மூணு நாள் யார்கிட்டயும் பேசல.

இந்தக் கார்த்திகையில பொன்னழகு ஒரு கனவு கண்டா. கம்மாய் பொட்டுத் தண்ணி இல்லாமக் கெடக்கு. ஆனா மீனுங்க நீந்துது, காத்துல, அவ தலைக்கு மேல, மெதுவா. வெயில் அதுங்க வழியா எறங்கி, வெடிச்ச மண்ணுல நெழலா விழுது. நெழல் கருப்பா இல்ல. சாயத்தொட்டியில இருந்து அப்பத்தான் எடுத்த ஓலை மாதிரி செவப்பா, பச்சையா, கட்டம் கட்டமா. ஒரு மீனோட வாலு முடியற கட்டத்துல அடுத்த மீனோட கண்ணு தொறக்குது. அவ அது மேல நடக்க நடக்க, கம்மாய்க்கரையெல்லாம் விளிம்பா எழுந்து வளைஞ்சு, அவளையே உள்ள வச்சு ஒரு பெரிய கொட்டானா ஆயிருச்சு. முழிச்சப்பறமும் அந்தக் கட்டமெல்லாம் கண்ணுக்குள்ள ஆடிக்கிட்டே இருந்துச்சு.

அவ ரெண்டாவது மக தேனருவிக்குத் தையில கல்யாணம். மூத்தவ சீரு போனப்ப சம்பந்தியம்மா கொட்டானைத் திருப்பிப் பாத்து, "இது கடைத்தெருவெல்லாம் தொங்குதே"ன்னு சொன்னது பொன்னழகுக்கு இன்னும் ஆறல. இந்த மீனு யாருமே பாக்காத மீனு. தேனருவி சீர்லதான் மொதமொத வெளிய வரணும்னு ஆசைப்பட்டா.

ஆனா ஓலை கிழிக்கற கத்தி பட்டு அவ கையில கட்டு. கை ஆறுற வரைக்கும் கனவு தங்குமா? சந்தை நாள், பட்டறை பூட்டிக் கெடந்துச்சு. கூட வேலை செய்யற அடைக்கியக் கூட்டிட்டுப் போயி, பூட்டைத் தொறந்து உள்ள உக்காந்தா. கல்யாணம் வரைக்கும் என் வாயிலயும் வராது, விரல்லயும் வராதுன்னு அடைக்கி கையில அடிச்சு சத்தியம் பண்ணுனா. அப்பறம் பொன்னழகு கண்ணை மூடிக்கிட்டா. அவ ஒவ்வொரு கட்டமாச் சொல்லச் சொல்ல, கூரை ஓட்டை வழியா வந்த வெளிச்சத்துல அடைக்கி முடைஞ்சா. கனவு என்னுது, விரல் அவளுது, பட்டறையோடது வெறும் ஓலைதானே, நாலு ஓலை திருப்பி வச்சாத் தீந்துச்சுன்னு பொன்னழகு நெனச்சுக்கிட்டா. கண்ணைத் தொறந்தப்ப மடியில மீனுக் கொட்டான் இருந்துச்சு. ஓலைக்கட்டுக்கு நடுவுல ஒளிச்சு வச்சாங்க.

மறுநாள் ரெஜினா அந்தக் கட்டைக் காயப் போட எடுத்தா. கொட்டான் உருண்டு வந்து நடுவுல நின்னுச்சு.

யாரு முடைஞ்சதுன்னு கேள்வி வந்துச்சு. பேயி வந்து முடைஞ்சுட்டுப் போயிருக்கும், அதையும் பட்டறையில சேத்துக்குவோம்னு ஒருத்தி நக்கலடிச்சா. விளிம்பு கட்டுன விதத்தை வச்சு அடைக்கின்னு கண்டுபிடிச்சுட்டாங்க. என்ன கேட்டும் அவ பேசல. இவளை வெளிய அனுப்பணும்னு பேச்சு வந்துச்சு. அதுக்கு மேல பொன்னழகால தாங்க முடியல. எந்திரிச்சு கனவையும் சொன்னா, சத்தியத்தையும் சொன்னா.

ரெஜினா அந்தக் கொட்டானை எடுத்து பொன்னழகு மடியில வச்சா.

"ஏத்தா, என் நட்சத்திரத்துக்கு ஆணி அடிச்சது நீ. இதுக்கு நான் அடிக்க மாட்டேன். புள்ளைக்குன்னு ஆசையா வச்சிருக்க. ஒளிச்சு வைன்னா வைக்கிறோம், பன்னெண்டு பேரும் வாயை மூடிக்கிறோம். மாட்டுன்னா மாட்டுறோம். நீயே சொல்லு."

வேண்டாம்னு யாரும் சொல்லல. அடைக்கி மட்டும், "அக்கா, நான் சத்தியம் பண்ணிருக்கேன்"னா.

இப்பச் சொல்லுங்க. மீனை மாட்டுனா சத்தியம் போச்சு, மறைச்சா சட்டம் போச்சு. பொன்னழகு என்ன சொன்னா சரி?

விடை: மாட்டச் சொல்றதுதான் சரி. சத்தியம் ஒடையுமேன்னு இழுக்காதீங்க. வாங்குனவளே போதும்னு சொல்லிட்டா அது ஒடஞ்ச சத்தியம் இல்ல, தீந்த சத்தியம். அடைக்கியால அதை விட முடியாது, பொன்னழகால முடியும். சட்டம் அப்படி இல்ல. மத்தவங்க எல்லாரும் சரின்னாங்களேம்பீங்க. அது பாவம் பாத்து சொன்னது. ரெஜினாவுக்கு அன்னைக்கு யாரு பாவம் பாத்தா? இன்னைக்கு ஒரு மீனை ஒளிச்சா, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கல்யாணம் வரும். அப்பறம் செவுத்துல மாட்ட என்ன இருக்கும், ஆணிதான். தேனருவி சீருக்கும் அதே மீனுதான் போகும், அதுக்குள்ள பட்டறையே முடைஞ்சு வித்திருக்கற மீனு. இந்தச் சம்பந்தியம்மாவும் திருப்பிப் பாத்து ஏதாச்சும் சொல்லத்தான் செய்வா. சொல்லட்டுமே. இது எங்கம்மா கண்ட கனவுன்னு சொல்றதுக்குப் பொண்ணுக்கு வாயில்லையா?