சாகத் தெரியாத காத்தமுத்து

மற்ற சீடர்கள் பிரம்மம், மாயை என்று எதையாவது கேட்டு அரைக்கண் சாமியின் உயிரை வாங்குவார்கள். காத்தமுத்து மடத்துக்கு வந்தால் கேட்பது ஒரே கேள்விதான்.

"எனக்கப்புறம் இவனை யாரு சாமி பார்ப்பா?"

இவன் என்பது மகன் பூவலிங்கம். வயது இருபத்திரண்டு. பிறந்ததிலிருந்தே அப்படித்தான், ஒரு சொல் வாய்க்கு வர நேரமாகும், சட்டைப் பொத்தான் போட அதைவிட நேரமாகும். தாயில்லாப் பிள்ளை. காத்திருக்கப் பொறுக்காமல் எல்லாவற்றையும் காத்தமுத்துவே செய்துவிடுவார். அவரை அந்தப் பயம் உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குச் சாமி பந்தி ஓரமாக ஒரு பாயை விரித்தார்.

"படு. நீ செத்துட்ட. பந்தி முடியற வரைக்கும் நீ பிணம்."

குரு சொன்னால் சொன்னதுதான். காத்தமுத்து கையைக் காலை நீட்டிச் செத்தார்.

மடத்துச் சமையல்காரி இசக்கியம்மா பூவலிங்கத்துக்கு இலை போட்டுச் சோறு வைத்தாள்.

"அவனுக்குப் பிசைஞ்சு குடுக்கணும்," என்றது பிணம்.

"பிணம் பேசாது," என்றார் சாமி.

பூவலிங்கம் தானே பிசைந்தான். பாதி வாய்க்குப் போனது, பாதி மடிக்கு.

"சிந்துறான் பாரும்மா!"

"செத்தும் இந்த மனுசன் நச்சரிப்பு ஓயலையே!" இசக்கியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ரசம் ஊத்தட்டுமாய்யா?"

"அவன் ரசம் தொடமாட்டான்!"

இசக்கியம்மா பிணத்தைச் சட்டைசெய்யவில்லை. கரண்டியும் கையுமாகப் பூவலிங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஊ... த்து," என்றான் ஒருவழியாக.

ஊற்றினாள். உறிஞ்சினான். மறுபடியும் இலையைக் காட்டினான்.

பிணம் எழுந்தே உட்கார்ந்துவிட்டது. "டேய், உனக்கு ரசம்தான் பிடிக்காதே!"

பூவலிங்கம் நிதானமாகச் சொல்லைத் தேடினான்.

"அப்பா... வைக்கிற ரசம்... பிடிக்காது."

இசக்கியம்மா கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். காத்தமுத்துவுக்கும் சிரிப்புத்தான் வந்தது. பாதியில் அது அழுகையாகிவிட்டது. இத்தனை வருடத்தில் பிள்ளையை இதைச் சொல்லவிட்டோமா என்று நினைத்துக்கொண்டார்.

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயை விட்டு எழுந்தார். ஆனாலும் கேள்வி விடவில்லை.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே சாமி. எனக்கப்புறம்..."

சாமி பாயைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்கும் வந்து சாகு. உனக்கு இன்னும் சரியா சாக வரலை."