தூசி படாத மிஷின்

முதலில் ஒரு நீண்ட இழுப்பு. அப்புறம் ஒரு மௌனம். அப்புறம் பனைமட்டை முறிந்து விழுகிற மாதிரி ஓர் ஓசை. கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது, காதைவிட்டுப் போகவில்லை. பூவத்தேரி தச்சுப் பட்டறையில் மாசிலாமணி தும்முகிற சத்தம் அது. ஏரிக்கரைக் கொக்குகளெல்லாம் ஒருமுறை எழும்பி உட்காரும்.

பட்டறை மூன்று பேருக்குப் பொது. பொன்னுரங்கம் அறுப்பார், அங்கமுத்து இழைப்பார், மாசிலாமணி கட்டில் கால் கடைவார். மூளையும் பொதுதான். அன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

டாக்டர் சொல்லிவிட்டார்: "தூசியை நிறுத்துங்க. இல்லேன்னா தொழிலை நிறுத்துங்க."

மாசிலாமணியின் மனைவி கனகாம்புஜம் பட்டறை வாசலில் வந்து நின்றாள். "திண்டிவனத்துல எங்கண்ணன் அப்பளக் கடை வெச்சிருக்கு. இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன். இதே தும்மல்னா இவரை அங்க கூட்டிட்டுப் போயிடுவேன்."

மற்ற இருவரும் நடுங்கிப்போனார்கள். கால் கடைய அவரை விட்டால் ஆளில்லை. இருந்த மரத்தில் பாதியை விற்றுத் தூசி இழுக்கும் மிஷின் ஒன்று வாங்கினார்கள். பெரிய குழாய், அதன் முடிவில் மனிதன் உயரத்துக்கு ஒரு துணிப்பை.

கொண்டுவந்த மெக்கானிக் புறப்படும்போது சொன்னான்: "தூசி உள்ள தங்கவே கூடாது. தங்கினா மோட்டார் எரிஞ்சிடும். வாரம் ஒருவாட்டி காய்ஞ்ச துணியால துடைச்சிடுங்க."

மிஷினுக்குச் சந்தனம் வைத்து ஓடவிட்டார்கள். தரையிலிருந்த தூசியெல்லாம் குழாய்க்குள் பாய்ந்தது.

பொன்னுரங்கம் அலறினார். "நிறுத்துங்கடா! உள்ள போவுது!"

நிறுத்தினார்கள். பையை அவிழ்த்து, சீயக்காய் போட்டு அலசி, கொடியில் காயவைத்தார்கள். பிறகு யோசனை நடந்தது.

"மாமா, இது தூசி இழுக்கிற மிஷின்தானே?" என்றார் அங்கமுத்து.

"மாடுகூடத்தான் வண்டி இழுக்குது. வண்டி மாட்டு வயித்துக்குள்ளயா போவுது?"

அங்கமுத்து வெகுநேரம் யோசித்தார். போவதில்லைதான்.

"அப்போ ஓட்டாமலே வெச்சுடலாமா?"

"ஓடாத மிஷின் துருப்பிடிக்கும். ஓடணும், தூசியும் போகக் கூடாது. அதுக்குத் தூசி இல்லாத இடத்துல ஓட்டணும்."

பட்டறைக்குப் பின்னால் மிஷினுக்கென்று ஓர் அறை கட்ட ஆரம்பித்தார்கள். பலகைச் சுவர், சன்னலுக்குக் கொசுவலை, வாசலில் கால் கழுவத் தொட்டி. பலகை அறுத்த தூசியில் பட்டறைக்குள் எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. மாசிலாமணி தும்மியதில் ஓடு இரண்டு சரிந்தது.

"பொறுத்துக்க மச்சான்," என்றார் பொன்னுரங்கம். "எல்லாம் உனக்காகத்தான்."

அறை முடிந்தது. தினமும் காலையில் கால் கழுவி உள்ளே போய் மிஷினை ஓட்டினார்கள். பையைத் திறந்து பார்த்தால் பொட்டுத் தூசி கிடையாது.

"என்னா மிஷின்!" என்றார் அங்கமுத்து, கண் கலங்க.

மாசம் முடிந்தது. கனகாம்புஜம் மூட்டையோடு வந்துவிட்டாள். "கிளம்புங்க. பஸ்ஸு வந்துடும்."

மாசிலாமணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் இரும்மா," என்று கெஞ்சினார் பொன்னுரங்கம். "தூசி இல்லாத இடத்துல இருந்தா மச்சான் தும்ம மாட்டாரு இல்ல?"

"அதுக்குத்தான் அப்பளக் கடை."

"அவ்வளவு தூரம் எதுக்கு? மிஷின் ரூம்ல இல்லாத சுத்தமா?"

கால் கழுவி மாசிலாமணியை உள்ளே உட்காரவைத்தார்கள். வெளியே மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நாழிகை கழிந்தது. தும்மல் இல்லை. கனகாம்புஜம் மூட்டையைக் கீழே வைத்தாள்.

"கால் கடையுற எந்திரத்தையும் உள்ள தள்ளிடலாமா, மாமா?"

"அறிவு இருக்காடா? கடைஞ்சா தூசி வரும். மோட்டார் எரியும். மச்சானும் எரிஞ்சிட்டா?"

அன்றிலிருந்து பூவத்தேரிக் கட்டில்களுக்குக் கால் கிடையாது. தூக்கத்தில் விழுந்தாலும் அடிபடாத கட்டில் என்று சொல்லி விற்றார்கள். வாங்கவும் வாங்கினார்கள்.

மாசிலாமணி அதற்குப் பிறகு தும்மவே இல்லை. அந்த அறையிலேயே இருந்து, உடம்பு வைத்து, நெடுங்காலம் வாழ்ந்தார். வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் மிஷினோடு சேர்த்து அவரையும் துடைத்தார்கள்.