ஆற்றைத் தெளிய வைக்கப் போன மாப்பிள்ளை

அந்த ஆற்றுக்கு யாரும் பெயர் வைத்திராத காலம். ராசா வருவார், முனிவர் வருவார் என்று வாயைப் பிளந்துகொண்டு உட்காராதீர்கள். இந்தக் கதையில் வருகிறவன் ஒரு புது மாப்பிள்ளை.

காராளன் என்று பெயர். வறண்ட மேட்டு ஊர்க்காரன். அங்கே குளத்துத் தண்ணீர் எப்போதும் கலங்கலாகத்தான் இருக்கும். பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டால் மண்ணெல்லாம் கீழே தங்கி, தண்ணீர் தெளிந்துவிடும். அந்த வேலையில் காராளன் பெரிய சூரன். பானையின் அடி தெரியாமல் ஒரு வாய் குடிக்கமாட்டான். அடி தெரியாத எதிலும் கை வைக்கமாட்டேன் என்று பெருமை வேறு!

அப்பேர்ப்பட்டவன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டது யாரை? ஆறு கடலில் சேருகிற இடத்தில் மீன் பிடிக்கிற சாத்தப்பனின் மகள் பவளாயியை.

தாலி கட்டிய கையோடு மாமனார் ஊர் வழக்கத்தைச் சொன்னார்.

"மாப்பிள்ளை, மூணு நாளைக்குள்ள நீங்களே தூண்டில் போட்டு எங்க ஆத்துல ஒரு கொடுவா மீன் பிடிக்கணும். பிடிச்சா பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா ஒரு வருசத்துக்கு அவ இங்கேதான், நீங்க அங்கேதான்."

"பூ, இவ்வளவுதானா!" என்றான் காராளன். கொடுவாவை அவன் குழம்பில்கூடப் பார்த்ததில்லை.

முதல் நாள் ஆற்றங்கரைக்குப் போனான். ஆறு செம்மண்ணைக் கரைத்து ஊற்றியது போல ஓடியது. "மீன் எங்கே இருக்குன்னே தெரியலையே, தூண்டிலை எங்கே போடுறது? தெளியட்டும்" என்றான். நின்று பார்த்தான், உட்கார்ந்து பார்த்தான், படுத்துப் பார்த்தான். ஆறு தெளியவில்லை. கொக்கியில் கோத்த இறால்தான் வெயிலில் காய்ந்து கருவாடாகிவிட்டது.

இரண்டாம் நாள், ஊரிலிருந்து கொண்டுவந்த தேற்றாங்கொட்டையில் ஒரு மூட்டையை இடித்துப் பொடியாக்கி ஆற்றில் கொட்டினான். ஓடுகிற ஆறு சும்மா இருக்குமா? மொத்தத்தையும் வாரிக் கடலில் கொண்டு சேர்த்தது.

"கடல் தெளிஞ்சிருச்சான்னு ஓர் எட்டு பார்த்துட்டு வரட்டுமா, மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமனார். படகுக்காரர்கள் துடுப்பைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

நீங்களும் சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பவளாயி சிரிக்கவில்லை. கல்யாணத்தன்றே துணிமூட்டையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தவள் அவள். அன்றைக்கு அந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில், கடல் இறங்கியபோது கரையோரம் ஓர் ஆழமான பள்ளத்தில் தண்ணீர் தங்கி நின்றது. காராளன் துள்ளிக் குதித்தான். வரப்புக் கட்டுவது அவனுக்குத் தெரிந்த வேலையாயிற்றே! ஆறு உள்ளே வராதபடி சேற்றால் வரப்புக் கட்டினான். மிச்சக் கொட்டையைக் கல்லில் உரசி உரசிப் பள்ளத்தில் கலந்தான். உச்சிவெயிலில் தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது.

உள்ளே தொடைப் பருமனுக்கு ஒரு கொடுவா! அவன் அதைப் பார்த்தான். அதுவும் அவனைப் பார்த்தது.

தூண்டிலை இடது பக்கம் போட்டான், அது வலது பக்கம் போனது. வலது பக்கம் போட்டான், இடது பக்கம் வந்தது. மூக்குக்கு நேராகவே இறாலை ஆட்டிக் காட்டினான். கோபித்துக்கொண்ட சம்பந்தியைப் போல மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

பொழுது சாய்ந்தது. கடல் ஏறியது. வரப்பு உடைந்தது. சேற்றுத் தண்ணீர் பாய்ந்து வந்து பள்ளமெல்லாம் பழையபடி கலங்கிவிட்டது.

"அய்யோ, எல்லாம் போச்சே!" காராளன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "பவளாயி, உன்னை விட்டுட்டு ஒரு வருசம் நான் எப்படி இருப்பேன்!" மேல்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். கையில் தூண்டில் இருப்பதையே மறந்துவிட்டான். அது பாட்டுக்குக் கலங்கலில் கிடந்தது.

வெடுக்கென்று ஓர் இழுப்பு!

காராளன் உட்கார்ந்த வாக்கிலேயே சேற்றில் வழுக்கிக்கொண்டு போனான். அலறினானே தவிர, பிடியை விடவில்லை. பவளாயி ஓடிவருவதற்குள் அவனும் கரையேறினான், கொடுவாவும் கரையேறியது. மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட அதே கொடுவா!

"தெளிஞ்ச தண்ணியில தொடாத மீன், கலங்கின தண்ணியில எப்படிப் பவளாயி கடிச்சுது?"

"சேறு மீனை மட்டுமா மறைச்சுது? உங்களையும்தானே மறைச்சுது! இந்த மீசையைப் பார்த்தா எந்த மீன்தான் வாயைத் திறக்கும்?" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் அவள் சிரித்தாள்.

அன்றைய சாப்பாட்டில் கொடுவாக் குழம்பு. புளியும் மிளகும் சேர்ந்து ஆற்றைவிடக் கலங்கலாக இருந்தது. மாப்பிள்ளையின் கிண்ணத்தில் எது தலை, எது முள் என்று ஒன்றுமே தெரியவில்லை. மாமனார் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காராளன் குழம்பு தெளியட்டும் என்று காத்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டான்.

ஆகவே, கேட்டவர்களே, எல்லாம் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் கை நீட்டுவேன் என்று நிற்கிறவனுக்கு மீனும் கிடைக்காது, சோறும் கிடைக்காது.