இருபத்தைந்து நிமிஷப் பெட்டி

தணிகாசலத்துக்கு வயசு ஐம்பத்திரண்டு. ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து மலேரியாவா இல்லையா என்று சொல்கிற பெட்டி செய்யும் இன்ஜினீயர். மலைமேல் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து, நர்ஸ் மரியபுஷ்பத்திடம், "என்னைச் சீடனா வச்சுக்குங்க சிஸ்டர்" என்றார்.

"சீடனெல்லாம் இருக்கட்டும் சார். முதல்ல அந்த பெஞ்சை விட்டு எழுந்திரிங்க. பேஷன்ட் உட்காரணும்."

அவர் மாட்டிக்கொண்டிருந்த சங்கதி இதுதான். இரண்டு மாதிரிப் பெட்டிகள் செய்து, வைத்துப் பார்க்கச் சொல்லி இந்த ஆஸ்பத்திரிக்கும் முன்பே அனுப்பியிருந்தார். ஒன்று இருபத்தைந்து நிமிஷம் எடுக்கும், தப்பவே தப்பாது. இன்னொன்றுக்கு ஐந்தே நிமிஷம், ஆனால் நூற்றில் மூன்று தடவை சறுக்கும். கம்பெனி ஒன்றைத்தான் செய்யும். எது என்று வெள்ளிக்கிழமைக்குள் இவர் சொல்லியாக வேண்டும். நாற்பது டாக்டர்களிடம் தாள் கொடுத்து எது முக்கியம் என்று கேட்டார். நாற்பது பேரும் எழுதினது 'துல்லியம்'. இங்கே வந்து பார்த்தால், இருபத்தைந்து நிமிஷப் பெட்டி பீரோவுக்குள் தூங்குகிறது.

"ஏன் சிஸ்டர்?"

"இன்னைக்கு நீங்களே அதை வச்சுப் பாருங்க."

செல்லக்கிளி என்ற பெண் மூன்று வயசு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளை உடம்பு அனலாய்க் கொதித்தது. தணிகாசலம் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். சிஸ்டரும் அதே விரலில் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எதற்கென்று இவர் கேட்கவில்லை. பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார். முறைத்தால் சீக்கிரம் வெந்துவிடுமா என்ன?

பதினெட்டாவது நிமிஷம். வெளியே ஹாரன் சத்தம். செல்லக்கிளி எழுந்துவிட்டாள்.

"இன்னும் ஏழே நிமிஷம்மா!"

"இதை விட்டா நாளைக்குத்தான் பஸ்ஸு. வீட்ல கைப்பிள்ளைய விட்டுட்டு வந்திருக்கேன் சார்."

போயே போய்விட்டாள். சிஸ்டரும் அவள் பின்னாலேயே போனார்.

ஏழு நிமிஷம் கழித்துப் பெட்டி சொன்னது: மலேரியா.

தணிகாசலம் செருப்புகூடப் போடாமல் ஓடினார். கீழே தூரத்து வளைவில் பஸ்ஸின் முதுகு தெரிந்தது, அவ்வளவுதான். ரோட்டோரக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எழுந்திரிங்க சார்" என்றார் பஸ் நின்ற இடத்திலிருந்து திரும்பி வந்த சிஸ்டர். "அஞ்சு நிமிஷப் பெட்டியிலயே தெரிஞ்சிடுச்சு. உங்க பெட்டியும் சொல்லட்டும்னு காத்திருந்தேன், அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு. பஸ் படியிலயே முதல் மாத்திரை கொடுத்துட்டேன்."

"முழுங்குச்சா?"

"துப்புச்சு. மறுபடி கொடுத்தேன், முழுங்கிடுச்சு. மீதி மாத்திரை அவ முந்தானையில முடிஞ்சிருக்கு. நாளைக்கு அந்த ஊர் நர்ஸு வீட்டுக்கே போய்ப் பார்ப்பாங்க. உங்க பெட்டி என்ன சொல்லுச்சு?"

"அதேதான்."

"நல்லதாப் போச்சு."

தணிகாசலத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சிரித்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது. சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்தவர், அங்கே நின்றார்.

"அப்போ அந்த நாற்பது டாக்டரும் பொய்யா எழுதினாங்க?"

"அவங்க எதுக்கு சார் பொய் எழுதப் போறாங்க? அந்தத் தாள்ல பஸ் எத்தனை மணிக்குன்னு போட்டிருந்தீங்களா?"