நாற்பது அறைக்குத் தகுதியான ஒரே ஆள்

கொன்றைமாநகரை ஆண்ட பூதலராயனுக்கு இரக்க குணம் அதிகம். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் அதிகம். ஒரு வருடம் பெருவெள்ளம் வந்து ஆற்றங்கரைக் குடிசைகளை அடித்துக்கொண்டு போனது. வீடிழந்தவர்களுக்காக நாற்பது அறைகளோடு ஓர் அடைக்கல மண்டபம் கட்டினான் அரசன். திறப்பு விழாவுக்கே மூன்று நாள் மேளம். பொறுப்பை அம்பலவாணர் என்ற அதிகாரியிடம் ஒப்படைத்தான்.

அடுத்த மழைக்காலத்தில் அம்பலவாணர் சபைக்கு வந்து கைகூப்பினார்.

"மன்னா! நாற்பது அறைகளும் காலி. நம் நாட்டில் வீடில்லாதவர் ஒருவர்கூட இல்லை!"

சபை கைதட்டியது. அரசன் மீசையைத் தடவிக்கொண்டான்.

"அப்படியா! என் மயில்கள் மழையில் நனைகின்றன, பாவம். நாளை மறுநாள் அவற்றை அங்கே விட்டுவிடுங்கள்."

சபையின் ஓலைகளைக் காக்கும் கூத்தபிரானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று காலையில்கூடக் கடைத்தெருத் தாழ்வாரங்களில் ஒண்டிக்கிடந்த குடும்பங்களைத் தாண்டித்தான் அவன் வந்திருந்தான். சபை கலைந்ததும் நேரே அங்கே போனான். உப்பு விற்கும் செம்பாயி, காய்ச்சலில் கிடந்த மகளைச் சாக்கால் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"மண்டபத்துக்குப் போகலையா, தாயி?"

"போகாம இருப்பனா, சாமி? வீடு இல்லாதவங்களுக்குத்தான் இடம்னாரு அங்க இருந்த அதிகாரி. வீடு இல்லைன்னேன். அதுக்கு, எந்தத் தெருவுல எந்த வீட்டுல குடியிருக்கேன்னு தெருத்தலைவர்கிட்ட ஓலை வாங்கியாரச் சொன்னாரு."

"இல்லாத வீட்டுக்கா?"

"ஆமா. தெருத்தலைவரைக் கேட்டா, நீ எங்க தெருவுலயே இல்லையே, உனக்கு எதுக்கு ஓலைன்னு விரட்டுறாரு. திரும்ப மண்டபத்துக்கு ஓடி மனு கொடுத்தேன். பதிலை வீட்டுக்கு அனுப்புறேன்னாரு. அனுப்பினாராம். வீட்டுல ஆள் இல்லைன்னு திரும்பி வந்துடுச்சாம்."

கூத்தபிரானுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் குழந்தையின் பற்கள் குளிரில் அடித்துக்கொள்ளும் சத்தம் அவன் காதிலேயே நின்றது. ஈர வேட்டியோடு அரண்மனைக்குத் திரும்பி அரசனிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

பக்கத்தில் நின்ற அம்பலவாணர் கொஞ்சமும் அசரவில்லை. "விதி விதிதான், மன்னா. விதிப்படி தகுதியுள்ள ஒருவர் வந்தால், அறையை நானே பெருக்கிக் கொடுப்பேன்."

"நியாயம்தானே!" என்றான் அரசன். "கூத்தபிரான், நாளை உச்சிப்பொழுதுக்குள் தகுதியுள்ள ஒரே ஒருவரைக் காட்டு. காட்டினால் மண்டபம் ஏழைகளுக்கு. இல்லாவிட்டால் மயில்களுக்குத் தீனி வைக்கும் வேலை உனக்கு."

வீடும் இருக்கக்கூடாது, வீட்டுக்கு ஓலையும் இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆள் எங்கே கிடைப்பார்? கூத்தபிரான் ஓலை அறைக்குள் புகுந்து கட்டுக் கட்டாக அவிழ்த்துப் பார்த்தான். தும்மல்தான் வந்தது. மயில் என்ன தின்னும் என்றுகூட ஒருமுறை யோசித்துவிட்டான். மறுநாள் காலை, கடைசி ஓலைக்கட்டை அவிழ்த்தபோதுதான் கண் பளிச்சிட்டது.

உச்சிவேளையில் இரண்டு ஓலைகளோடு சபையில் வந்து நின்றான்.

"ஆள் கிடைத்துவிட்டார், மன்னா."

"எங்கே?"

"இதோ, அம்பலவாணர்!"

சபை திகைத்தது. கூத்தபிரான் முதல் ஓலையை வாசித்தான். "'தலை சாய்க்க எனக்குச் சொந்தமாக ஒரு கூரையும் இல்லை. ஆகவே மண்டபத்தின் மேல்மாடியை இலவசமாக எனக்கு ஒதுக்க வேண்டுகிறேன்.' இது இவர் தங்களுக்கு எழுதிய விண்ணப்பம். ஆக, வீடு இல்லை."

இரண்டாவது ஓலையை எடுத்தான். "'மேலத்தெருவில் நான்கு கட்டு மாளிகை அம்பலவாணருடையது.' இது தெருத்தலைவர் எழுதித் தந்தது. ஆக, வீட்டுக்கு ஓலையும் இருக்கிறது. இந்த நாட்டில் விதிப்படி தகுதியுள்ள ஒரே மனிதர் இவர்தான்."

அம்பலவாணர் வசமாக மாட்டிக்கொண்டார். வீடு உண்டு என்றால் அரசனிடம் பொய் எழுதியதாகும். இல்லை என்றால், நாட்டில் வீடில்லாதவரே இல்லை என்று சபையில் சொன்னது பொய்யாகும்.

"சொல்லும், உமக்கு வீடு இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டான் அரசன்.

அம்பலவாணர் வழக்கமாகத் தப்பிக்கும் வழியில் ஓடப் பார்த்தார். "மன்னரின் விருப்பம் எதுவோ, அதுவே என் பதில்."

பூதலராயன் வயிறு குலுங்கச் சிரித்தான். "என் விருப்பமா? அப்படியானால் இல்லை! மேலத்தெரு மாளிகைக்கு என் மயில்கள் போகட்டும்."

கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டான். மண்டபப் பொறுப்பையும் அவனிடமே கொடுத்தான். ஓலை எதுவும் கேட்காமல் அவன் எல்லோரையும் உள்ளே விட்டான். அன்று மாலைக்குள் செம்பாயியின் மகள் காய்ந்த பாயில் படுத்திருந்தாள். அரண்மனை வைத்தியர் அவளுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசி அறை அம்பலவாணருக்குக் கிடைத்தது. நாற்பது அறைகளில் விதிப்படி நிரம்பியது அது ஒன்றுதான்.