சூடு ஆறின பலகை

காலை ஏழு மணி, ஒரு முழம் புதுப் பனி, இசக்கின்னு ஒருத்தி. ஒரு மலையூர்ல ஒரு இஸ்திரிக்கடை. அதை நடத்துனது இசக்கியும் அவ புருசன் சொரிமுத்துவும். தென்காசிக்காரங்க. விடுதித் துணிக்கு இஸ்திரி போடப் போனவங்க, பனியில சறுக்குற பலகைக்கு, நல்லா வழுக்கிட்டுப் போக மெழுகு பூசவும் கத்துக்கிட்டாங்க. ‘ம்’ கொட்டு, அப்பத்தான் கதை நகரும்.

அப்போ விடுதிக்கு இஸ்திரி மிஷின் வந்துருச்சு. இனி மெழுகு வேலைதான் சோறு. அதுக்கு மலையடிவாரத்துக் கடை வேணும். அந்த ஊர்ல ஒரு வழக்கம்: முதல் பெரும்பனி விழுந்தா, மெழுகு பூசுற ஒவ்வொரு கடையிலயும் ஒருத்தர், அவங்க கடைல பூசின பலகைலயே சறுக்கணும். சரிவுல இறங்கி, கீழே சமவெளில கோல் ஊணாம யாரு ரொம்ப தூரம் போறாங்களோ அவங்களுக்குத்தான் அந்தக் கடை. ஆளுக்கு மூணு தடவை. தோத்தா இசக்கி ஊருக்கு மூட்டை கட்டணும்.

அதுவரை அந்தக் கடையை வச்சிருந்த பிஷன் சிங் மூணு தடவையும் போனாரு. சர்ர்ர்ர்! மூணு தடவையும் தேவதாரு மரத்துகிட்ட நின்னாரு.

“மெதுவா வாங்க அக்கா, நான் டீ குடிச்சிட்டு இருக்கேன்”னு கீழேயிருந்து கூவுனாரு.

அப்புறம் சரிவு உச்சிக் கொட்டகைல சொரிமுத்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தான். பெட்டிச் சூட்டுல மெழுகு உருகி சொட், சொட்டுன்னு பலகைல விழணும், அதை அப்படியே தேய்க்கணும். ஆனா கை பழகின பழக்கம், முதல்ல தண்ணியை எடுத்து சளக் சளக்குன்னு தெளிச்சிட்டான்! ஈரத்துல மெழுகு ஒட்டுமா? இசக்கி பாதி இறங்குறதுக்குள்ள மெழுகு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. தொப்!

“அது என்ன, வேட்டியா?”ன்னு கேட்டா இசக்கி, பனியைத் தட்டிக்கிட்டே.

ரெண்டாவது தடவை தண்ணி தெளிக்கல. ஆனா சூட்டோட மடிச்சாத்தானே மடிப்பு நிக்கும்? அந்த நெனப்புல, ஆறுறதுக்கு முன்னாடியே மெழுகைச் சுரண்டினான். மொத்தமும் சுரண்டியோடயே வந்துருச்சு. இசக்கி சமவெளிக்கு வந்தா, கர்ர்ர்... மரத்துக்கு இருபதடி முன்னாடியே நின்னுட்டா.

தூங்கிட்டியா? ம், சரி.

மூணாவது தடவை, மெழுகுக்கு இஸ்திரி போட்டதும் இசக்கி பலகையை வெளியே குளிருல சாத்துனா. சுரண்டியை எடுத்து அது மேலயே உட்கார்ந்துக்கிட்டா.

“ஏ புள்ள, குடு. கஸ்டமர் காத்திருக்காங்க”ன்னான் சொரிமுத்து.

“நான்தான் கஸ்டமர். உக்காருங்க.”

“பயந்துட்டீங்களா அக்கா?”ன்னு கீழேயிருந்து பிஷன் கத்துனாரு.

“ஆறுது!”

அரை மணி நேரம். பலகை சில்லுன்னு ஆனப்புறம் சரக், சரக்குன்னு சுரண்டி, பிரஷ் போட்டுத் தேய்ச்சா.

“எல்லாத்தையும் எடுத்துட்டியே!”ன்னு பதறுனான் சொரிமுத்து.

“உள்ளே போனது போதும். மேல நிக்கிறது பாரம்.”

அப்போ இறங்குனா பாரு, சர்ர்ர்ர்ர்ர்! மரத்தைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, கடைசி வேலியைக் கைய நீட்டித் தொட்டுத்தான் நின்னா. பிஷன் வாயில வச்ச டீயை முழுங்கல. மேலே சொரிமுத்து விசிலடிச்ச விசில்ல கொட்டகைக் கூரைப் பனி சரிஞ்சு அவன் தலைலயே பொத்துன்னு விழுந்துச்சு.

கதை அடிவாரம் சேர்ந்தாச்சு, கண்ணை மூடு.

என்ன? பிஷனா? அடுத்த வருசம் ஜனவரி ஒம்பதாந்தேதி, ரெண்டு ஜோடி பலகையைத் தூக்கிக்கிட்டு மெழுகு பூச இசக்கி கடைக்கு வந்தாரு.